கைக்கு அடங்கும் கிஹா 40

ஜப்பானிய ரயில் என்றதும் ஷின்கான்சென்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்த நாட்டின் மலையோரக் கிளைப்பாதைகளிலும் கடலோரச் சிற்றூர்களிலும் பள்ளிப் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவர்களையும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சுமந்தது வேறொரு வண்டி. அதன் பெயர் கிஹா 40. ஜப்பானியத் தேசிய ரயில்வேக்காக 1977 முதல் 1982 வரை கட்டப்பட்ட டீசல் ரயில்கார் அது. கிஹா 40, 47, 48 என்ற மூன்று உடன்பிறப்புகளையும் சேர்த்தால் மொத்தம் 888 பெட்டிகள். இழுத்துச் செல்லத் தனி எஞ்சின் கிடையாது. ஒவ்வொரு பெட்டியின் அடிவயிற்றிலும் ஒரு டீசல் எஞ்சின் படுத்த வாக்கில் தொங்கும். கிஹா 40க்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஒற்றைப் பெட்டியே ஒரு முழு ரயில்.

இந்த வண்டியின் முதல் குணம் நிதானம். பனியையும் உப்புக் காற்றையும் தாங்க வேண்டும், பல்லாண்டு உழைக்க வேண்டும் என்று உடம்பைக் கெட்டியாகக் கட்டினார்கள். எடை 37 டன் அளவுக்கு ஏறிவிட்டது. எஞ்சினின் ஆற்றலோ 220 குதிரைத்திறன்தான். டன்னுக்கு ஆறு குதிரைத்திறன்கூடத் தேறாது. ஆயிரம் மீட்டருக்கு 25 மீட்டர் உயரும் மலைப்பாதையில் இதை ஏற்றிப் பார்ப்போம். எடையை மேலே தூக்க மட்டும் 9,000 நியூட்டன் விசை வேண்டும். உராய்வையும் காற்றுத் தடையையும் சேர்த்தால் 11,000 என்று வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் தரும் 162 கிலோவாட்டில் கால்பங்கு வழியில் வீணாகிறது என்று கழித்தால், மீதி ஆற்றலில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைப் பிடிப்பதே பெரும்பாடு. சமதளத்தில் உச்ச வேகம் 95. அந்த வேகத்தை எட்டுவதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும்.

இந்த வண்டியை ஜப்பானின் கட்டோ, டோமிக்ஸ் என்ற இரு பிராண்டுகளும் உள்ளங்கை நீளத்துக்குச் சுருக்கி மாதிரி ரயிலாகச் செய்திருக்கின்றன. மாதிரி ரயில் உலகில் வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. குமிழைத் திருகினால் எந்த மாதிரியும் பறக்கும். கிளம்புவதற்கு நேரம் எடுத்துக்கொள்வது, ஊர்வது, தன் கனத்தோடு மெல்ல நிற்பது ஆகியவைதான் கடினம். கிஹா 40 போன்ற சோம்பலான, கனத்த டீசல் வண்டியை அதன் குணம் கெடாமல் மேசைமேல் ஓட்டிக் காட்டுவது, என் பார்வையில், ஷின்கான்சென்னைச் சுருக்குவதைவிடப் பெரிய பொறியியல் சாதனை. நீளத்தைச் சுருக்க முடியும். புவியீர்ப்பு சுருங்காது, நேரமும் உராய்வும் சுருங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

முதலில் நீளத்தைப் பார்ப்போம். கிஹா 40 நிஜத்தில் 21.3 மீட்டர். 150ஆல் வகுத்தால் 142 மில்லிமீட்டர். இதுதான் ஜப்பானில் 'என்' கேஜ் எனப்படும் மாதிரிகளின் விகிதம். தண்டவாளங்களுக்கு இடையே 9 மில்லிமீட்டர். இந்த 9 மில்லிமீட்டர் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1962இல் ஆர்னால்டு நிறுவனம் 160இல் ஒரு பங்கு விகிதத்தில் ரயில்களைச் செய்து விற்றது. ஐரோப்பியத் தண்டவாள இடைவெளியான 1,435 மில்லிமீட்டரை 160ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட சரியாக 9 வரும். 1965இல் கட்டோ தன் முதல் என் கேஜ் எஞ்சினான சி50 நீராவி எஞ்சினை வெளியிட்டபோது ஜப்பானும் அதே 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் ஜப்பானின் சாதாரணப் பாதைகள் 1,067 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை. பெட்டிகளும் ஐரோப்பியப் பெட்டிகளைவிடச் சிறியவை. 160ஆல் வகுத்தால் அந்தக் காலத்து மோட்டாரை உள்ளே அடைக்க இடம் போதாது. ஆகவே உடம்பை 150இல் ஒரு பங்காக வைத்துக்கொண்டு, பாதையை மட்டும் 9 மில்லிமீட்டரிலேயே விட்டார்கள். ஷின்கான்சென் 1,435 மில்லிமீட்டர் பாதையில் ஓடுவதால் அதன் மாதிரிகள் இன்றும் 160இல் ஒரு பங்குதான்.

விளைவு, கிஹா 40 மாதிரி ஓடும் பாதை நிஜக் கணக்கில் 1,350 மில்லிமீட்டர் அகலம். இருக்க வேண்டியதைவிட 28 சென்டிமீட்டர் கூடுதல். பக்கவாட்டில் பார்க்கும்போது தெரியாது; நேர் எதிரே குனிந்து பார்த்தால் வண்டி காலை அகட்டி நிற்கும். இதைப் பொறுக்க முடியாதவர்கள் 87இல் ஒரு பங்கு விகிதத்துக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கும் போகிறார்கள். அங்கே கணக்கு 1,044 மில்லிமீட்டர், ஏறக்குறைய நிஜம். ஆனால் வண்டியின் நீளம் 245 மில்லிமீட்டராகிவிடும். நகர அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அதற்கு இடம் ஏது?

தண்டவாளத்தின் உயரமும் அப்படித்தான். கிராமப் பாதைகளில் இருக்கும் ரயில் தண்டின் உயரம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். மாதிரியில் அது ஒரு மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளத்தின் உயரம் 2 மில்லிமீட்டர். சக்கர விளிம்பை நிஜ அளவுக்குச் சுருக்கினால் 0.2 மில்லிமீட்டர்தான் வரும். ஒரு தூசு பட்டாலே வண்டி தடம் புரளும் என்பதால் விளிம்பைப் பல மடங்கு பெரிதாக்குகிறார்கள். பெரிய விளிம்பு ஓட உயரமான தண்டவாளம் வேண்டியிருக்கிறது.

வளைவில்தான் இயற்பியல் நம் பக்கம் வருகிறது. வீட்டு மேசைகளில் சாதாரணமாகப் போடும் வளைவின் ஆரம் 28 சென்டிமீட்டர். நிஜக் கணக்கில் 42 மீட்டர். நிஜக் கிஹா 95 கிலோமீட்டர் வேகத்தில் 42 மீட்டர் வளைவில் திரும்பினால் அதை வெளியே தள்ளும் விசை புவியீர்ப்பின் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு இருக்கும். வண்டி அந்த நொடியே கவிழும். மாதிரிக்கு என்ன ஆகிறது? 95 கிலோமீட்டரை 150ஆல் வகுத்தால் நொடிக்கு 17.6 சென்டிமீட்டர். இந்த வேகத்தில் அந்த வளைவு தரும் தள்ளுவிசை புவியீர்ப்பில் ஏறக்குறைய தொண்ணூறில் ஒரு பங்குதான். வேகம் இருமடியாகக் கணக்கில் வருவதால் தள்ளுவிசை 150 மடங்கு குறைந்துவிட்டது. புவியீர்ப்பு அப்படியே இருக்கிறது. மேசைமேல் கிஹா கவிழாமல் திரும்புவதற்கு இதுவே காரணம்.

நிஜ வண்டி ஆடும் ஆட்டமும் சாயும் சாய்வும் மாதிரியில் வர வேண்டுமானால் வேகத்தை 150ஆல் வகுக்கக் கூடாது. 150இன் வர்க்கமூலமான 12.25ஆல் வகுக்க வேண்டும். அப்படி ஓட்டினால் மாதிரி நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் பாயும். சினிமாவில் மாதிரி ரயிலைக் கவிழ்த்துப் படமெடுப்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த வேகத்தில் ஓடவிட்டு, கேமராவையும் அத்தனை மடங்கு வேகமாகச் சுழலவிட்டு, பிறகு சாதாரண வேகத்தில் போட்டுக் காட்டுவார்கள். கனம் தானாக வந்துவிடும். கண்ணால் நேரில் பார்க்கும் மாதிரிக்கு அந்த வழி கிடையாது.

கனம் என்ற அந்த விஷயத்தில்தான் கிஹா 40இன் சிக்கல் முழுக்க இருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 150இல் ஒரு பங்கானால் எடை 33,75,000இல் ஒரு பங்காகும். 37 டன் வண்டி 11 கிராம் ஆகிவிடும். 11 கிராம் பெட்டி தண்டவாளத்தில் ஒட்டாது, மின்சாரத்தையும் ஒழுங்காக எடுக்காது. ஆகவே தரைப்பலகைக்கு மேல் உலோகத் தகடு வைத்து எடையைப் பல மடங்கு கூட்டுகிறார்கள். அப்போதும் அது இலேசான வண்டிதான். நிஜ ரயிலில் எஃகுச் சக்கரம் எஃகின்மேல் உருளும்போது வரும் தடை, எடையில் ஏறத்தாழ 0.2 சதவீதம். மாதிரியில் அச்சு முனைகளும் செப்புத் தகடுகளும் உரசுவதால் அதை 2 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். மோட்டாரோடு தொடர்பே இல்லாத மாதிரிப் பெட்டியை நொடிக்கு 17.6 சென்டிமீட்டர் வேகத்தில் உருட்டி விட்டால் 8 சென்டிமீட்டரில் நின்றுவிடும். தன் நீளத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் ஓடும். ஜப்பானில் நீண்ட காலம் இருந்த விதிப்படி அவசர பிரேக் போட்டால் ரயில் 600 மீட்டருக்குள் நிற்க வேண்டும். மாதிரிக் கணக்கில் அது 4 மீட்டர். பிரேக் போட்டும் அந்தக் கணக்கில் 4 மீட்டர் வரை போகக்கூடிய வண்டி, மாதிரியில் பிரேக்கே போடாமல் 8 சென்டிமீட்டரில் நிற்கிறது என்றால், கனமான வண்டி என்ற நம்பிக்கை பார்ப்பவருக்கு எங்கிருந்து வரும்?

மோட்டார் உள்ள பெட்டியில் நிலைமை இன்னும் மோசம். வண்டியைத் திருப்பிப் பிடித்து அடியைப் பார்த்தால் காரணம் புரியும். மோட்டாரின் தண்டு பெட்டியின் நீளவாக்கில் படுத்திருக்கிறது. அதன் முனையில் திருகுப்புரி போன்ற வார்ம் கியர். அது சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகியின் மேலுள்ள பல்சக்கரத்தைக் கடித்துச் சுற்றி, மோட்டாரின் பல சுழற்சிகளைச் சக்கரத்தின் ஒரு சுழற்சியாக மாற்றுகிறது. வார்ம் கியருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மோட்டார் சக்கரத்தைச் சுற்றலாம். பொதுவாகச் சக்கரம் மோட்டாரைச் சுற்ற முடியாது. மின்சாரம் நின்றதும் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றதும் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். வண்டி ஓடிய ஓட்டத்தில் உள்ள வேகம் எதற்கும் பயன்படாது.

ஆகவே ஓட்டத்தைச் சேமிக்க வேண்டிய இடம் வார்ம் கியருக்கு இந்தப் பக்கம், மோட்டாரின் தண்டில். அங்கே ஒரு சின்ன ஃப்ளைவீலை மாட்டுகிறார்கள். பித்தளையாலோ அதுபோன்ற கனமான உலோகத்தாலோ செய்த உருளை. சட்டைப் பித்தானைவிடச் சிறியது. இவ்வளவூண்டு உலோகம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உருளையின் விட்டம் 9 மில்லிமீட்டர், எடை 3 கிராம், பல்சக்கர விகிதம் 15க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் விட்டம் நிஜத்தில் 86 சென்டிமீட்டர், மாதிரியில் 5.7 மில்லிமீட்டர். நொடிக்கு 17.6 சென்டிமீட்டர் ஓட அது நிமிடத்துக்கு 590 தடவை சுற்ற வேண்டும். மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 9,000 தடவை சுற்றும். அந்த வேகத்தில் சுழலும் 3 கிராம் உருளைக்குள் இருக்கும் இயக்க ஆற்றல், 90 கிராம் எடையுள்ளதாக வைத்துக்கொள்ளும் முழு வண்டியின் ஓட்டத்தில் இருக்கும் ஆற்றலைப்போல் சுமார் பத்து மடங்கு! வண்டியின் கனத்தை வண்டிக்குள் வைக்க முடியாதவர்கள் அதை ஒரு சுழற்சிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். மாதிரி ரயில் பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் வண்டி கொஞ்ச தூரம் வழுக்கிப் போய் நிற்கும். தண்டவாள இணைப்பில் அழுக்கு இருந்து ஒரு கணம் மின்தொடர்பு அறுந்தாலும், அடுத்த சுத்தமான இடம் வரை ஃப்ளைவீல் இழுத்துக்கொண்டு போய்விடும்.

நிற்பது இப்படி என்றால் கிளம்புவது வேறு கதை. மின்சாரம் இரண்டு தண்டவாளங்கள் வழியாக வருகிறது, உச்ச அளவு 12 வோல்ட் நேர்மின்சாரம். சக்கரங்கள் அதை எடுத்து, கூம்பு முனையுள்ள அச்சு வழியாகச் செப்புக் கிண்ணத்துக்கும், அங்கிருந்து செப்புப் பட்டைக்கும், அதிலிருந்து மோட்டாருக்கும் கொடுக்கின்றன. ஒவ்வொரு தொடுமுனையிலும் அழுக்குக்கும் ஆக்சைடுக்கும் இடமுண்டு. மோட்டாருக்குள் இரும்பு மையத்தில் கம்பி சுற்றியிருப்பதால், காந்தத்துக்கு நேராக வரும் இடங்களில் அது பிடித்து இழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே நிலை உராய்வு: நிற்கும் பொருளை அசைக்க வேண்டிய விசை, அசைந்த பொருளை ஓட்ட வேண்டிய விசையைவிட அதிகம். குமிழை மெல்லத் திருகினால் வண்டி அசையாது, அசையாது, திடீரென்று துள்ளிப் பாயும். கிஹா 40 ஒருபோதும் அப்படிக் கிளம்பியதில்லை.

இதற்கு இரண்டு பக்கமிருந்தும் மருந்து கண்டார்கள். மோட்டாரில் காந்தம் பிடிக்கும் இடங்களைச் சாய்வாக அமைத்தார்கள். அண்மைக்கால மாதிரிகள் சிலவற்றில் இரும்பு மையமே இல்லாத கோர்லெஸ் மோட்டார் வந்துவிட்டது. அதில் பிடிப்பு அறவே இல்லை. மற்றொரு மருந்து மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தருவது. மோட்டாருக்கு 2 வோல்ட் தேவை என்றால் தொடர்ச்சியாக 2 வோல்ட் தராமல், முழு 12 வோல்ட்டை ஆறில் ஒரு பங்கு நேரம் மட்டும் தருவார்கள். இப்படி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை. சராசரி 2 வோல்ட்தான். ஆனால் ஒவ்வொரு துடிப்பும் 12 வோல்ட்டின் முழு அழுத்தத்தோடு வருவதால், மெல்லிய அழுக்குப் படலத்தை ஊடுருவிப் போய்விடும். மோட்டாரும் குறைந்த வேகத்தில் அடங்கி ஓடும்.

இதில் கூடுதலாக ஓர் அழகு கிடைத்தது. துடிப்பு மிகக் குறுகலாக இருந்தால் அது மோட்டாரை அசைக்கப் போதாது, எல்.இ.டி. விளக்கு எரியப் போதும். எல்.இ.டி. நொடியில் கோடிக்கணக்கில் ஒரு பங்கு நேரத்தில் எரிந்து அணையக்கூடியது. நம் கண்ணுக்கு அது தொடர்ந்து எரிவதாகவே தெரியும். ஆக, வண்டி ஸ்டேஷனில் நின்றபடியே முகப்பு விளக்கை ஏற்றிக்கொண்டு காத்திருக்கும். எதிர்ப்பாதையில் வரும் வண்டி கடந்துபோகும் வரை ஒற்றைவழிப் பாதையில் கிஹா 40 எத்தனை நேரம் அப்படி நின்றிருக்கிறது என்று அறிந்தவர்களுக்கு, மேசைமேல் அந்தக் காட்சி வருவது சின்ன விஷயமில்லை. திசை விளக்குக்கும் தனி ஏற்பாடு கிடையாது. எல்.இ.டி. ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை விடும். முகப்பில் வெள்ளை விளக்கை ஒரு திசைக்கும், அதன் அருகிலேயே சிவப்பு விளக்கை எதிர்த்திசைக்கும் வைத்துவிட்டால் போதும். வண்டியைப் பின்னோக்கி ஓட்ட மின்துருவத்தை மாற்றும்போது வெள்ளை அணைந்து சிவப்பு எரியும்; மறுமுனையில் சிவப்பு அணைந்து வெள்ளை எரியும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் எஞ்சின் உண்டு என்பது நிஜக் கிஹாவின் அடிப்படை. மாதிரியில் அதை விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு பெட்டிகளைக் கோத்தால் ஒன்றில் மட்டும் மோட்டார்; மற்றது சும்மா உருண்டு வரும். காரணம் விலை மட்டுமில்லை. இரண்டு சின்ன மோட்டார்கள் ஒரே வேகத்தில் ஓட ஒத்துக்கொள்ளாது. ஒன்று மற்றதைத் தள்ளும், இழுக்கும். நிஜ வண்டியில் இந்த இழுபறியை எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவிலிருக்கும் திரவம் வாங்கிக்கொள்ளும். மாதிரியில் நடுவில் இருப்பது விட்டுக்கொடுக்காத வார்ம் கியர். ஆகவே மோட்டார் உள்ள பெட்டியின் ஒன்றிரண்டு சக்கரங்களில் மெல்லிய ரப்பர் வளையம் மாட்டிப் பிடிப்பைக் கூட்டி, தனியாளாக மற்றதையும் இழுக்க வைக்கிறார்கள். 4 சதவீத ஏற்றத்தையும் அது ஏறிவிடும். நிஜத்தில் 2.5 சதவீதத்துக்கே மூச்சு வாங்கும் வண்டி அது.

வெளித்தோற்றத்தில் சுருங்க மறுப்பவை வேறு. பெட்டியின் பக்கச் சுவரில் பிளாஸ்டிக் ஒரு மில்லிமீட்டர் கனம் என்றால் நிஜக் கணக்கில் அது 15 சென்டிமீட்டர் சுவர். ஜன்னல் கண்ணாடியும் அதே கனம் இருந்தால் விளிம்பில் ஒளி முறிந்து ஜன்னலைச் சுற்றிக் கருப்புச் சட்டம் போட்டதுபோல் தெரியும். பெயின்ட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு என்றாலும் நிஜத்தில் அது 3 மில்லிமீட்டர் பூச்சு. ஒரு பூச்சு கூடிப்போனால் கதவின் விளிம்பு மழுங்கிவிடும். இந்தக் கணக்கில் தூசுதான் பெரிய எதிரி. பூச்சில் ஒட்டிய ஒரு துகள் கூரைமேல் கல் விழுந்ததுபோல் நிற்கும். மறுபுறம், கதவுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள ஒரு சென்டிமீட்டர் இடுக்கை நேர்மையாகச் சுருக்கினால் 0.07 மில்லிமீட்டர்; கண்ணுக்கே தெரியாது. அதை வேண்டுமென்றே அகலமாக்குகிறார்கள். எந்தக் கோட்டை மிகைப்படுத்துவது, எதை விட்டுவிடுவது என்ற முடிவில்தான் ஒரு மாதிரி கிஹா 40 ஆகிறது, மற்றொன்று வெறும் பொம்மையாகிறது. அளவெடுத்துச் சுருக்கும் கணினியால் மட்டும் அந்த முடிவை எடுக்க முடியாது.

கிஹா 40இன் நிறம் பலருக்கும் பிடித்தது. செங்கல்லும் ஆரஞ்சும் கலந்த ஒற்றை நிறம். அழகுக்காகத் தேர்ந்ததில்லை, அதற்கு முன் இருந்த இரட்டை நிறப் பூச்சுக்குக் கூலியும் நேரமும் அதிகம் ஆனதால், கடனில் இருந்த ரயில்வே சிக்கனத்துக்காக ஒரே நிறத்துக்கு மாறியது. ஜப்பானியர்கள் அதை உப்பிட்ட மீன்முட்டையின் பெயரால் 'தராக்கோ' என்று செல்லமாக அழைத்தார்கள். 1987இல் தேசிய ரயில்வேயைப் பிரித்துத் தனியாராக்கியபின் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பகுதியும் தனக்கென்று நிறம் பூசிக்கொண்டன. வடகிழக்கில் வெள்ளையும் பச்சையும். கியூஷூவில் சில கிஹா 47 பெட்டிகள் சுற்றுலா ரயில்களாக உருமாறின.

நிறத்தைவிடப் பெரிய வேறுபாடு உடம்பில் இருக்கிறது. ஹொக்கைடோவில் ஓட 100 வரிசை எண்ணில் கட்டியவற்றுக்கு இரட்டைக் கண்ணாடியுள்ள சிறு ஜன்னல்கள், குளிர் உள்ளே வராதபடி கதவுக்கும் இருக்கைகளுக்கும் நடுவே தடுப்பு. குளிர்ப் பகுதிகளுக்கு 500 வரிசை, வெப்பப் பகுதிகளுக்கு 2000 வரிசை. கிஹா 47க்குக் கதவுகள் பெட்டியின் முனையில் இல்லை, நடுப்பக்கமாக நகர்ந்து இரட்டைக் கதவாக இருக்கும். நகர்ப்புறக் காலை நெரிசலுக்கான ஏற்பாடு அது. ஆக, ஒரு கிஹா 40 மாதிரிக்கு ஒரு மோல்டு போதாது. எஃகு மோல்டு விலை உயர்ந்தது. ஒவ்வொரு வகைக்கும் புதிதாகச் செய்தால் கட்டுப்படியாகாது. ஆகவே பக்கச்சுவர், முகப்பு, கூரை ஆகிய பகுதிகளைக் கழற்றி மாற்றக்கூடிய துண்டுகளாக மோல்டை வடிவமைக்கிறார்கள். பிளாஸ்டிக் ஆறும்போது ஏறக்குறைய அரை சதவீதம் சுருங்கும். 142 மில்லிமீட்டர் உடம்பில் அது 0.7 மில்லிமீட்டர், நிஜக் கணக்கில் பத்து சென்டிமீட்டருக்கும் மேல். அதையும் முன்கூட்டியே கணக்கிட்டு மோல்டைப் பெரிதாக வெட்ட வேண்டும்.

இப்படிப்பட்ட வண்டி வீட்டு மேசைக்குப் பொருந்திவருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 16 பெட்டி ஷின்கான்சென்னின் நிஜ நீளம் 400 மீட்டர். சுருக்கினாலும் இரண்டரை மீட்டர். 28 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவே ஒன்றே முக்கால் மீட்டர்தான். வால் எங்கே, தலை எங்கே என்று தெரியாமல் போகும். கிஹா 40 ஒற்றைப் பெட்டியாக அந்த வட்டத்தில் ஓடும்; நிஜத்திலும் அது அப்படித்தான் ஓடியது. ஃபுக்குஷிமாவின் அய்ஸு-வகாமட்சுவிலிருந்து நீகாட்டாவின் கொய்தே வரை போகும், கிஹா 40 ஓடிய ததாமி பாதையின் நீளம் 135.2 கிலோமீட்டர். அதை முழுதாகச் சுருக்கினால் 900 மீட்டர் தண்டவாளம் வேண்டும். யாரும் போட முடியாது. ஆனால் அதன் ஒரு ஸ்டேஷன், ஒற்றை நடைமேடை, ஒரு பாலம், ஒரு வண்டி ஆகியவற்றைப் புத்தக அலமாரியின் ஒரு தட்டில் எந்தக் குறையும் இல்லாமல் அமைத்துவிடலாம்.

கடைசியாகச் சத்தம். டீசல் வண்டியை மாதிரியாகச் செய்பவர் இதைத் தவிர்க்க முடியாது, இதுவே மிகவும் தவறாகப் போகும் இடமும் கூட. கிஹா 40இன் எஞ்சினுக்கு டி.எம்.எஃப்.15எச்.எஸ்.ஏ. என்று பெயர். ஆறு சிலிண்டர், டர்போ பொருத்தியது, படுக்கைவாட்டமானது. அது சக்கரத்தோடு நேராக இணைவதில்லை. நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது: எஞ்சின் ஒரு விசிறியைச் சுற்ற, அது எண்ணெயைச் சுழற்ற, அந்த எண்ணெய் எதிரிலுள்ள இன்னொரு விசிறியைத் தள்ளும். கிளம்பும்போது எஞ்சின் முழு மூச்சில் உறுமும், வண்டியோ அசைந்தும் அசையாமலும் இருக்கும். உறுமல் ஒரே சுருதியில் நீள, வேகம் மட்டும் மெல்ல ஏறும். போதிய வேகம் வந்ததும் ஓட்டுநர் நேரடி இணைப்புக்கு மாற்றுவார். அப்போது சத்தம் சட்டென்று கீழே இறங்கி, பிறகு வேகத்தோடு சேர்ந்து படிப்படியாக ஏறும். வேகம் கூடக்கூடச் சத்தத்தையும் கூட்டும்படி செய்த மாதிரி, கிஹாவின் பெயின்ட் பூசிய வேறு ஏதோ ஒரு வண்டி.

அந்தச் சத்தத்தை 142 மில்லிமீட்டர் பெட்டிக்குள்ளிருந்து வரவழைப்பது இன்னொரு புதிர். ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கும். நிமிடத்துக்கு 1,600 சுற்றில் நொடிக்கு 80 துடிப்புகள். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4.3 மீட்டர். விரல்நகம் அளவு ஸ்பீக்கர் அந்த ஒலியைக் காற்றில் தள்ளவே முடியாது. ஆனால் எஞ்சின் 80இல் மட்டும் ஒலிப்பதில்லை. 160, 240, 320 என்று அதன் மடங்குகளிலும் ஒலிக்கிறது. மேலே உள்ள மடங்குகள் மட்டும் காதில் விழுந்தாலும், அவற்றுக்கு இடையே 80 இருப்பதை வைத்து மூளை அடித்தளச் சுருதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். காற்றில் இல்லாத உறுமல் கேட்கும். போதாது என்பவர்கள் ஸ்பீக்கரை வண்டியில் வைக்காமல் மேசைக்கு அடியில் பெரிதாக வைத்துக்கொள்கிறார்கள்; கட்டோ விற்கும் சவுண்ட் பாக்ஸ் அந்த வழியைத்தான் பிடிக்கிறது.

எந்த வழியானாலும் ஓட்டும் முறை ஒன்றுதான். முதலில் உறுமல் ஏற வேண்டும். வண்டி நிற்க வேண்டும். பிறகுதான் மோட்டாருக்கு மின்சாரம், அதுவும் இழை இழையாக. அந்த உறுமலை ஒலிப்பதிவு செய்ய நிஜ வண்டி வேண்டும். பல பகுதிகளில் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு வலுவான புதிய எஞ்சினைப் பொருத்திவிட்டார்கள். அவற்றின் சுருதி வேறு. ததாமி பாதையிலிருந்து 2020 மார்ச்சில் கிஹா 40 விடைபெற்றுவிட்டது. ஒலிப்பதிவுக் கருவியோடு கிளம்புகிறவர், நிறத்தையும் வரிசை எண்ணையும் பார்ப்பதற்கு முன் விசாரிக்க வேண்டியது, எந்தப் பெட்டியின் அடியில் இன்னும் அந்த 220 குதிரைத்திறன் எஞ்சின் தொங்குகிறது என்பதை.